லண்டன் 5 நாள், பிராங்பர்ட் 2 நாள் ஆபீஸ் பயணம்: எந்த நேரத்தில் எதைப் பார்ப்பது?

வேளச்சேரி_வாசி

நவம்பர் இரண்டாம் வாரம் லண்டன் பயணம். திங்கள் முதல் வெள்ளி வரை கேனரி வார்ஃப் என்ற ஆபீஸ் வட்டாரத்தில் மீட்டிங், தினமும் காலை 9:30 முதல் மாலை 5:30 வரை. ஓட்டலும் அங்கேயே. நடுவில் சனி, ஞாயிறு சும்மா. அடுத்த திங்களும் செவ்வாயும் பிராங்பர்ட். புதன்கிழமை சென்னைக்குத் திரும்பணும்.

லண்டனில் மட்டும் 14 இடம் பட்டியல் போட்டிருக்கிறேன். எதை முன்னால் வைப்பது, எதைத் தள்ளுவது? மாலை 6 மணிக்கு மேல் எவை திறந்திருக்கும்? சனி, ஞாயிறை பாரிஸில் கழிக்கலாமா என்றும் ஒரு யோசனை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கத்திப்பாரா

பட்டியலை ஓரமாக வையுங்க. முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம்.

நவம்பரில் லண்டன் நம்மைவிட 5½ மணி நேரம் பின்னால். அங்கே இரவு 7 என்றால் சென்னையில் நள்ளிரவு 12:30. மீட்டிங் முடிந்து ஓட்டலுக்கு வந்து முகம் கழுவும்போதே கண் சொக்கும். அதே உடம்பு விடியற்காலை 3, 4 மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்ளும். பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில்தான் உடம்பு இசையும். அதனால் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஊர் பார்க்கும் நேரம் காலை. வியாழனும் வெள்ளியும் மாலை. இதைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு திங்கள் இரவே நாடகத்துக்கு டிக்கெட் எடுப்பவர்கள் 80 பவுண்டு கொடுத்து நாற்காலியில் தூங்குகிறார்கள்.

இன்னொன்று வெளிச்சம். நவம்பர் நடுவில் அங்கே சூரியன் உதிப்பது சுமார் 7:15, மறைவது 4:15. நீங்கள் 5:30க்கு வெளியே வரும்போது முழு இருட்டு. ஆகவே பூங்கா, ஆற்றங்கரை, பாலம் எல்லாம் காலைக்கு. கூரைக்குள் இருப்பவை மாலைக்கு.

கேனரி வார்ஃபில் தங்குவதால் இரண்டு காலை நடைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

செவ்வாய்க் காலை கிரீன்விச். டிஎல்ஆர் (டாக்லாண்ட்ஸ் இலகு ரயில்) வண்டியில் ஐலண்ட் கார்டன்ஸ் நிலையத்தில் இறங்குங்க. பக்கத்திலேயே தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் நடந்து போகும் சுரங்கப்பாதையின் வாசல். 1902-ல் திறந்தது, நீளம் சுமார் 370 மீட்டர், 24 மணி நேரமும் திறந்திருக்கும், காசு கிடையாது. லிஃப்ட் அடிக்கடி வேலை செய்யாது. ஒவ்வொரு பக்கமும் நூறு படி அளவுக்கு ஏறி இறங்கத் தயாராகப் போங்க. அக்கரையில் ஏறினால் ‘கட்டி சார்க்’ என்ற பழைய பாய்மரக் கப்பல் எதிரே நிற்கும். கிரீன்விச் பூங்கா நடந்து வருவோருக்குக் காலை 6 மணிக்கே திறந்துவிடும். வானாய்வுக்கூடத்தின் உள்ளே போகப் பத்து மணி ஆகணும், கட்டணமும் உண்டு. ஆனால் வெளிச்சுவரில் உள்ள ஷெப்பர்ட் கடிகாரமும் மேட்டிலிருந்து ஊரைப் பார்க்கும் காட்சியும் இலவசம். நீங்கள் தங்கியிருக்கும் கேனரி வார்ஃப் கோபுரங்கள் எதிர்க்கரையில் தெரியும். (நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தை வைத்துக் கணக்கிட்ட பழைய மெட்ராஸ் நேரம் இந்த ஊரைவிட 5 மணி 21 நிமிடம் முன்னால். இன்னொரு 9 நிமிடம் சேர்ந்து இப்போதைய 5½ மணி ஆனது 1906-ல், இந்திய நேரம் வந்தபோது.)

புதன் காலை தென்கரை நடை. சுரங்க ரயிலின் ஜூபிலி லைனில் மூன்றாவது நிறுத்தம் லண்டன் பிரிட்ஜ். 6:45க்கு இறங்கினால் முதலில் கிழக்கே பத்து நிமிடம் நடந்து டவர் பிரிட்ஜைப் பார்த்துவிட்டு, திரும்பி ஆற்றோரமாகவே மேற்கே நடங்க. குளோப் நாடக அரங்கு, டேட் மாடர்ன், மில்லேனியம் நடைபாலத்துக்கு நேர் எதிரே செயின்ட் பால்ஸ், அப்புறம் லண்டன் ஐ, கடைசியில் வெஸ்ட்மின்ஸ்டர். நிற்காமல் நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து அதே ஜூபிலி லைன் கேனரி வார்ஃபுக்குக் கால் மணியில் கொண்டுவந்து விடும். வண்டி மாற வேண்டாம். 8 மணிக்கு மேல் கூட்டம் நெருக்கும், அதனால் 8:15க்குள் ஏறிவிடுவது நல்லது.

வியாழன் மாலை உயரத்திலிருந்து ஊரைப் பார்க்கலாம். ஸ்கை கார்டன், ஹொரைசன் 22 என்ற இரண்டு காட்சித்தளங்களும் இலவசம், ஆனால் முன்பதிவு வேணும். மாலை 6 மணிக்கு மேல் நேரம் கிடைக்கிறதா என்று பதிவு செய்யும்போதே பாருங்க. டிக்கெட் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும் என்பதால் சென்னையிலிருந்தே போட்டுவிடுங்க. கேனரி வார்ஃபிலிருந்து எலிசபெத் லைனில் லிவர்பூல் ஸ்ட்ரீட், அங்கிருந்து நடை. இரவில் கண்ணாடியில் உள்விளக்கு பிரதிபலித்துப் படம் கெடும். போன் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து எடுத்தால் சரியாக வரும்.

வெள்ளி மாலை மியூசியம். அதைப் பற்றி இங்கே வேறொருவர் நன்றாகச் சொல்வார், விட்டுவிடுகிறேன்.

எழும்பூர்_எட்டுமணி

கத்திப்பாரா கண் காட்டியது என்னைத்தான் என்று நினைக்கிறேன் :)

லண்டன் பெரிய மியூசியங்கள் பெரும்பாலும் மாலை 5, 6 மணிக்கு மூடிவிடும். வெள்ளிக்கிழமை மட்டும் விலக்கு. பிரிட்டிஷ் மியூசியம் இரவு 8:30 வரை, டிரஃபால்கர் சதுக்கத்தில் உள்ள நேஷனல் கேலரி 9 வரை, சவுத் கென்சிங்டனில் உள்ள வி அண்ட் ஏ (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம்) 10 வரை. மூன்றிலும் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமில்லை. மூன்றையும் ஒரே இரவில் பார்க்க நினைக்காதீங்க. ஒன்றுதான்.

நான் சொல்வது பிரிட்டிஷ் மியூசியம். எலிசபெத் லைனில் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு போகப் பன்னிரண்டு நிமிடம், அங்கிருந்து நடை எட்டு, பத்து நிமிடம். 5:30க்குக் கிளம்பினால் 6:15க்கு உள்ளே இருக்கலாம். இரண்டு மணி நேரம் கையில். இலவச நுழைவுக்கும் நேரம் பதிவு செய்துகொண்டால் வரிசை குறையும். வெள்ளி இரவில் சில அறைகள் மூடியிருக்கலாம் என்பதால் பார்க்க விரும்பும் அறை எண்ணை அன்று காலையே இணையதளத்தில் சரிபார்ப்பது நல்லது.

எல்லோரும் ரொசெட்டா கல்லுக்கும் மம்மிக்கும் ஓடுவார்கள். சென்னைக்காரர்கள் முதலில் போக வேண்டியது அறை 33ஏ. ஆந்திராவின் அமராவதி ஸ்தூபியிலிருந்து வந்த சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. வால்டர் எலியட் என்ற ஆங்கில அதிகாரி 1845-ல் தோண்டியெடுத்து சென்னைக்குக் கொண்டுவந்த கற்களும் இதில் உண்டு. 1859-ல் இங்கிருந்து கப்பலேறின. சென்னையில் தங்கிவிட்ட அமராவதிக் கற்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிளம்பும் முன் ஒரு ஞாயிறு எழும்பூர் போய் அந்தப் பாதியைப் பார்த்துவிட்டுப் போங்க. அங்கே நிற்கும்போது எது எங்கே பொருந்தும் என்று கண் தானாகத் தேடும். 33ஏ-வுக்குப் பின்பக்க வாசலான மான்டேகு பிளேஸ் வழி கிட்டே. முன்வாசல் வரிசையும் தப்பும்.

பை விஷயம்: சக்கரம் வைத்த பெட்டியை உள்ளே விடமாட்டார்கள். லேப்டாப் பையைச் சோதித்துவிட்டு விடுவார்கள். ஆனாலும் இரண்டு மணி நேரம் அந்த எடையைச் சுமந்துகொண்டு சிற்பம் பார்ப்பது தண்டனை. ஓட்டல் பக்கத்திலேயே என்றால் வைத்துவிட்டுக் கிளம்புங்க.

வெஸ்ட்மின்ஸ்டர் ஆபி, செயின்ட் பால்ஸ் இரண்டையும் பட்டியலில் வைத்திருப்பீர்கள். பகலில் ஆபிக்கு டிக்கெட் 30 பவுண்டு அளவில். மாலை 5 மணி வழிபாட்டுக்குக் கட்டணம் கிடையாது. அது வழிபாடுதான், சுற்றிப் பார்க்கவோ படம் எடுக்கவோ முடியாது. மீட்டிங் ஒரு நாள் 4 மணிக்கு முடிந்தால் யோசிக்கலாம்.

மாடவீதி

இடங்களைப் பற்றி எல்லோரும் சொல்கிறீர்கள். கழுத்தைப் பிடிப்பது வேறு இரண்டு விஷயம்: விசாவும் டிக்கெட்டும்.

பிரிட்டன் விசிட்டர் விசாவில் மீட்டிங்குக்கும் சுற்றுலாவுக்கும் இடமுண்டு. அதில் சிக்கலில்லை. பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில்தான் நாள் கணக்கு இறுக்கம். விசா ஒட்டியதும் நான்கு வரியைப் படியுங்க: எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை, எத்தனை முறை நுழையலாம், தங்கும் நாட்கள் எத்தனை. ‘வரை’ தேதி வழக்கமாக 15 நாள் கூடுதலாக இருக்கும். அதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். அந்தத் தேதிகள் இடைவெளி மட்டுமே. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதைச் சொல்வது கடைசி வரி. நுழையும் நாள், வெளியேறும் நாள் இரண்டும் முழு நாளாகக் கணக்கில் சேரும்.

உங்கள் விஷயத்தில்: ஞாயிறு உள்ளே போய்ப் புதன் வெளியே வந்தால் 4 நாள். சனிக்கிழமை பாரிஸ் போனால் 5 நாள். ஆபீஸ் கடிதத்தில் ஞாயிறு என்று போட்டு, விசாவில் 4 என்று வந்துவிட்டால் பாரிஸ் கதை முடிந்தது. அதனால் விண்ணப்பிக்கும் முன்பே கடிதத்தில் ‘சனி, ஞாயிறு ஊழியரின் சொந்தச் செலவில்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. அந்த இரவுகளுக்கு ஓட்டல் பதிவும் வையுங்க. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா நாளுக்கும் இருக்கணும். கம்பெனி எடுத்த காப்பீடு சொந்த நாட்களுக்குச் செல்லுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்க. செல்லாது என்றால் அந்த இரண்டு நாளுக்குத் தனியாக எடுக்கணும்.

டிக்கெட் எப்படிப் போட்டிருக்கிறார்கள்?

வேளச்சேரி_வாசி

விசா இன்னும் விண்ணப்பிக்கவில்லை, நல்லவேளை. டிராவல் டெஸ்க் சென்னை–லண்டன்–பிராங்பர்ட்–சென்னை என்று ஒரே டிக்கெட்டாகப் போடப் போகிறார்கள். லண்டன்–பிராங்பர்ட் விமானத்தை மட்டும் விட்டுவிட்டு ரயிலில் பாரிஸ் வழியாகப் போகலாம்தானே?

மாடவீதி

கூடவே கூடாது! ஒரே டிக்கெட்டில் நடுவில் ஒரு துண்டுக்கு நீங்கள் வராமல்போனால் அதற்கப்புறம் உள்ள எல்லாத் துண்டும் ரத்தாகும். புதன்கிழமை பிராங்பர்ட்டில் போய் நின்றால் சென்னை சீட் இருக்காது. அன்றைய விலைக்குப் புது டிக்கெட்.

டிராவல் டெஸ்க்கிடம் ‘ஓபன் ஜா’ என்று கேளுங்க. போகும்போது சென்னை–லண்டன், வரும்போது பிராங்பர்ட்–சென்னை, நடுப்பகுதி உங்கள் பொறுப்பு. பல சமயம் விலை கூடாது, நடு விமானத்தின் காசு கம்பெனிக்கு மிச்சம். அந்த மிச்சத்தை ரயிலுக்குத் தருவார்களா என்பது உங்கள் கம்பெனி விதி. கேட்டுப் பாருங்க, கேட்காமல் பில் மட்டும் வைக்காதீங்க.

இனி பாதை. சனிக்கிழமை காலை லண்டன் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து யூரோஸ்டார், பாரிஸ் கார் து நோர் வரை 2 மணி 20 நிமிடம் அளவு. பாரிஸ் ஒரு மணி நேரம் முன்னால் என்பதால் 8 மணிக்கு ஏறினால் அங்கே கடிகாரத்தில் 11:20 ஆகும். பிரெஞ்சுக் குடியேற்றச் சோதனை லண்டன் நிலையத்திலேயே நடக்கும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த புதிய முறையில் முதல் தடவை போகிறவர்களை முகப்படம் எடுப்பார்கள், விரல்ரேகையும் சரிபார்க்கலாம். ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்விடுங்க. பெட்டிக்கு எடைக் கட்டுப்பாடு இல்லை. 85 செ.மீ. நீளத்துக்குள் இரண்டு பெட்டி, ஒரு கைப்பை.

பிராங்பர்ட் வண்டி கிளம்புவது வேறு நிலையத்திலிருந்து, கார் து லெஸ்ட். கார் து நோரிலிருந்து பத்து நிமிட நடை. டாக்சி பிடிக்க வேண்டாம். பிராங்பர்ட் நான்கு மணி நேரத்துக்குள். டிக்கெட் கடைசி வாரத்தில் இரண்டு மூன்று மடங்கு விலை போகும். ஞாயிறு இரவுக் கடைசி வண்டியை நம்பாதீங்க. அது தாமதமானாலோ ரத்தானாலோ திங்கள் மீட்டிங் போச்சு. மதியம் 3, 4 மணி வண்டிதான் சரி. பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் வைத்திருங்க. ஜெர்மனி எல்லையில் போலீஸ் வண்டிக்குள் ஏறிக் கேட்பது உண்டு.

ஃபில்டர்காபி

மாடவீதி சொன்ன வழி சரி. ஆனால் ஒன்றரை நாள் பாரிஸ் தேவையா என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஐந்து நாள் மீட்டிங், அப்புறம் அதிகாலை ரயில், பெட்டி இழுத்தல், மறுநாள் இன்னொரு ரயில். திங்கள்கிழமை மீட்டிங்கில் உட்காரும் ஆள் பாதி ஆள்தான். லண்டனிலேயே சனிக்கிழமை முழுக்க இருந்துவிட்டு ஞாயிறு மதியம் பிராங்பர்ட் போவது உடம்புக்கு நல்லது.

மாடவீதி

உடம்புக்கு நல்லதுதான். ஆனால் ஞாயிறு மதியம் பிராங்பர்ட் போய் என்ன செய்வது? ஜெர்மனியில் ஞாயிறு கடை எல்லாம் அடைப்பு. திங்கள் ஸ்டேடல் மியூசியம் விடுமுறை. அது இரவு 9 வரை திறந்திருப்பது வியாழன் மட்டும், அன்று இவர் அங்கே இல்லை. க்ளைன்மார்க்ட்ஹாலே என்ற உள்சந்தை வார நாளில் மாலை 6க்கு மூடிவிடும், ஞாயிறு கிடையாது. கிறிஸ்துமஸ் சந்தை நவம்பர் கடைசி வாரத்தில்தான் தொடங்கும்.

கத்திப்பாரா

இருவரும் சொல்வது சரியே. பிராங்பர்ட்டுக்கு ஒரு மாலை போதும்: ரோமர்பெர்க் சதுக்கம், பக்கத்தில் 2018-ல் கட்டி முடித்த ‘புதிய பழைய ஊர்’, ஐசர்னர் ஸ்டேக் நடைபாலத்திலிருந்து கோபுரங்களின் வெளிச்சம். போரில் தரைமட்டமான ஊர் என்பதால் பழையதாகத் தெரியும் பெரும்பாலானவை மறுபடி கட்டியவை. மெயின் டவர் மேல்தளம் 200 மீட்டர் உயரம், திறந்தவெளி. குளிர்காலத்தில் சீக்கிரம் மூடுவார்கள், காற்று பலமாக இருந்தால் திறக்கவே மாட்டார்கள், அன்று காலை பார்த்துக்கொள்ளுங்க. ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பானோஃப்ஸ்ஃபியர்டெல் தெருக்களில் இரவில் போதை ஆட்கள் நடமாட்டம் அதிகம். ஓட்டல் மலிவாகக் கிடைக்கிறதே என்று அங்கே போடாதீங்க.

பாரிஸ் போவதானால் குறைவாக வைத்துக்கொள்ளுங்க. தங்குவது கார் து லெஸ்ட் பக்கத்தில். சத்தமான பகுதிதான், ஆனால் பெட்டி இழுக்கும் வேலை மிச்சம். சனி மதியம் ஓட்டலில் பெட்டியை வைத்துவிட்டு மெட்ரோவில் பீர் அக்கேம் நிலையம். அங்கிருந்து ஆறாம் எண் லைன் ஆற்றைத் தரைக்கு மேலே கடக்கும்போது ஐஃபில் கோபுரம் ஜன்னலில் முழுசாகத் தெரியும். அடுத்த நிறுத்தம் பாஸி, அதற்கடுத்தது ட்ரோகாதெரோ, அங்கே இறங்குங்க. நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுவது இங்கே வசதி. இருட்டிய பின் ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் கோபுரம் மினுமினுக்கும். 6 மணிக் காட்சியைப் பார்த்துவிட்டு 7 மணிக்குச் சாப்பிடப் போகலாம். மேலே ஏறும் வரிசையில் நிற்காதீங்க. ஐஃபில் மேலே நின்றால் ஐஃபில் தெரியாது.

ஞாயிறு 9 மணி லூவ்ர் மியூசியம், முன்பதிவோடு. 2026 ஜனவரி முதல் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு 32 யூரோ. 12:30க்கு வெளியே வந்தால் பலே ரொயால் நிலையத்திலிருந்து ஏழாம் எண் லைன் நேரே கார் து லெஸ்ட். மாற்றமில்லை.

பறக்கும்_ரயில்

கார்டு பற்றி யாரும் சொல்லவில்லையே. லண்டனில் தனி டிக்கெட் வேண்டாம், கான்டாக்ட்லெஸ் கார்டைத் தட்டினால் போதும். விசா, மாஸ்டர்கார்டு, அமெக்ஸ் எடுக்கும். ஆனால் நம்ம ஊர் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு முதலில் அணைத்தே வைத்திருப்பார்கள். பேங்க் ஆப்பில் ‘சர்வதேச’, ‘கான்டாக்ட்லெஸ்’ இரண்டையும் ஆன் செய்யுங்க. ஒன்றை மட்டும் போட்டுவிட்டுக் கேட் முன்னால் நின்று பின்னால் வருபவர்களிடம் முறைப்பு வாங்குவது வழக்கம்.

சுரங்க ரயிலில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தட்டணும். டிஎல்ஆர் நிலையங்கள் பலவற்றில் கேட் கிடையாது, கம்பத்தில் மட்டும் ரீடர் இருக்கும். நீங்கள் போகிற ஐலண்ட் கார்டன்ஸ் பக்கம் அதை மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடிப்பார்கள். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும், ரொக்கம் வாங்க மாட்டார்கள். காலையில் கார்டு, மாலையில் அதே கார்டு ஏற்றிய போன் என்று மாற்றாதீங்க. இரண்டையும் இரண்டு ஆளாகக் கணக்கெடுக்கும், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்காது என்ற தினசரி உச்சவரம்பின் பலன் கிடைக்காது. ஹீத்ரோவிலிருந்து கேனரி வார்ஃபுக்கு எலிசபெத் லைன் முக்கால் மணி நேரம், நேரே போகும். பாடிங்டனோடு நின்றுவிடும் ஹீத்ரோ எக்ஸ்பிரஸ்ஸுக்குக் கூடுதல் காசு உங்களுக்குத் தேவையில்லை.

பாரிஸ் மெட்ரோ கேட்டில் பேங்க் கார்டைத் தட்டினால் திறக்காது. நிலையத்தில் நாவிகோ ஈஸி கார்டு வாங்கி டிக்கெட் ஏற்றணும், ஆளுக்கு ஒன்று. பிராங்பர்ட்டில் கேட்டே கிடையாது. அதனால் இலவசம் என்று அர்த்தமில்லை, டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ.

கடையில் மெஷின் ‘ரூபாயா, யூரோவா’ என்று கேட்டால் எப்போதும் அந்த ஊர் நாணயத்தையே அழுத்துங்க. ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைக்கும் மாற்று விலை, அது எப்போதும் நமக்கு நஷ்டம். பிராங்பர்ட்டில் சின்ன உணவகங்கள் ரொக்கம் மட்டும் வாங்குவது இன்னும் உண்டு. 50 யூரோ கையில் இருக்கட்டும்.

பெண்கள் தனியாகப் போனால்: வெள்ளி, சனி இரவில் ஜூபிலி லைன் விடிய விடிய ஓடும், அதனால் கேனரி வார்ஃப் திரும்புவது சிக்கலில்லை. மற்ற நாட்களில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். கிரீன்விச் சுரங்கப்பாதையை விடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்க. 24 மணி நேரமும் திறந்திருப்பதும் 24 மணி நேரமும் ஆள் நடமாட்டம் இருப்பதும் ஒன்றல்ல.

சுக்குக்காப்பி

இழையைத் திருப்புவதற்கு மன்னிக்கணும். சிங்கப்பூரில் இரண்டு நாள் மட்டும் மீட்டிங் என்றால் கத்திப்பாராவின் கணக்குப் பொருந்துமா? அங்கேயும் காலையில் நடக்கணுமா?

கத்திப்பாரா

கிழக்கே போனால் கணக்கு அப்படியே தலைகீழ். சிங்கப்பூர் நம்மைவிட 2½ மணி நேரம் முன்னால். அங்கே காலை 7 என்றால் உடம்புக்கு 4:30, எழவே மனசு வராது. ஆனால் இரவு 11 என்பது நமக்கு 8:30 மணிதான். மொத்தத்தையும் இரவில் வைத்துக்கொள்ளுங்க. ஊரும் அதற்கேற்ற ஊர்.

முதல் மாலை பேஃப்ரன்ட் நிலையத்தில் இறங்கி கார்டன்ஸ் பை த பே. சூப்பர்ட்ரீ ஒளிக்காட்சி 7:45, 8:45, இலவசம். 7:45 காட்சியைப் பார்த்துவிட்டு மரீனா பே சாண்ட்ஸ் கட்டடம் வழியாக மறுபக்கம் நீர்க்கரைக்குக் கால் மணி நடை. அங்கே 9 மணிக்கு நீர்க்காட்சி. அப்படியே கரையோரமாக நடந்தால் மெர்லயன் என்ற சிங்கத்தலை மீன் சிலை. மழை பெய்தால் மரங்களுக்கு நடுவே உள்ள தொங்குநடையை மூடிவிடுவார்கள். நவம்பர், டிசம்பரில் நம்ம ஊரைப் போலவே அங்கேயும் மழை.

இரண்டாம் மாலை சைனாடவுன் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827-ல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயில், நடை சாத்தும் முன் போகணும். அப்புறம் லிட்டில் இந்தியா. முஸ்தபா கடை நள்ளிரவு தாண்டியும் இருக்கும் என்பதால் கடைசிக்கு வையுங்க. முதலில் போனால் வேறெங்கும் போக மாட்டீர்கள். பொட்டானிக் கார்டன்ஸ் காலை 5 முதல் இரவு 12 வரை.

நுழைவு அட்டையை விமானம் இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பணும். அரசுத் தளத்தில் அதற்குக் கட்டணமில்லை. காசு கேட்கும் தளம் என்றால் போலி. எம்ஆர்டி ரயிலில் தண்ணீர் குடித்தாலும் அபராதம் உண்டு.

எழும்பூர்_எட்டுமணி

டோக்கியோவுக்கும் (3½ மணி முன்னால்) இதே கணக்கு, ஒரு வித்தியாசத்தோடு: அங்கே ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்று விடியற்காலை 5 மணிக்குத்தான் வரும். ஷின்ஜுகு மாநகர அரசுக் கட்டடத்தின் 202 மீட்டர் உயரக் காட்சித்தளம் இலவசம், இரவிலும் உண்டு. டோக்கியோ மெட்ரோ 24 மணி நேரச் சீட்டு முதல் முறை பயன்படுத்தியதிலிருந்து 24 மணி நேரம் செல்லும். மாலை 6க்குத் தொடங்கினால் மறுநாள் மாலை 6 வரை, இரண்டு நாள் போக்குவரத்து ஒரே சீட்டில். சைவர்கள் கவனிக்க: காய்கறி நூடுல்ஸ் என்று இருந்தாலும் ரசத்தில் மீன் இருக்கும்.

நியூயார்க் நவம்பரில் 10½ மணி பின்னால், கிட்டத்தட்ட பகல் இரவாகும். முதல் இரண்டு நாள் எதையும் திட்டமிடாதீங்க. ஸ்டேட்டன் தீவு படகு 24 மணி நேரமும் ஓடும், இலவசம், ஒரு வழி 25 நிமிடம், சுதந்திர தேவி சிலையைத் தாண்டிப் போகும். தூக்கம் வராத அதிகாலைக்கு அதைவிடச் சரியானது இல்லை. மெட் மியூசியம் வெள்ளி, சனி இரவு 9 வரை, புதன் விடுமுறை. அங்கே ஒரு சோழர் கால நடராஜர் இருக்கிறார்.

வேளச்சேரி_வாசி

எல்லோருக்கும் நன்றி. ஓபன் ஜா கேட்டு டிராவல் டெஸ்க்குக்கு மெயில் போட்டாச்சு, கடிதத்தில் சனி ஞாயிறு வரியும் சேர்க்கச் சொல்லியாச்சு. 14 இடம் 6 ஆகிவிட்டது. கடைசியாக இரண்டு சந்தேகம். ஞாயிறு லூவ்ர் போகும்போது பெட்டியை எங்கே வைப்பது? பிளக் பின் இரண்டு நாட்டுக்கும் ஒன்றா?

பறக்கும்_ரயில்

ஓட்டலிலேயே விட்டுவிடுங்க, செக்-அவுட் செய்த பிறகும் வைத்துக்கொள்வார்கள். லூவ்ருக்குள் 55 × 35 × 20 செ.மீ.க்கு மேல் உள்ள பையை விடமாட்டார்கள். ஓட்டல் மறுத்தால் கார் து லெஸ்ட்டில் லாக்கர் உண்டு, சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்க. லாக்கர் பகுதி இரவில் மூடிவிடும், உங்களுக்கு அது பிரச்சினையில்லை.

பின் இரண்டும் வேறு. லண்டனில் மூன்று தட்டைப் பின், பாரிஸ், பிராங்பர்ட்டில் இரண்டு உருண்டைப் பின். நம்ம போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு பின் அங்கே நேரடியாகப் போகும். லேப்டாப்பின் மூன்று பின் எங்கேயும் போகாது. இரண்டு வகைப் பின்னுக்கும் பொருந்தும் அடாப்டர் ஒன்றும், நாலு சாக்கெட் உள்ள நம்ம ஊர் எக்ஸ்டென்ஷன் ஒன்றும் எடுத்துப் போனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செருகலாம். கேபின் பையில் வையுங்க. பெட்டி வர ஒரு நாள் தாமதமானால் திங்கள் காலை லேப்டாப்பில் சார்ஜ் இருக்காது.